கடைசி ரீலும் நிலைப்படியும்

தமிழ்ப் படம் ஒன்றில் ஒரு கதாபாத்திரம் சக்கர நாற்காலியில் அமர்ந்துவிட்டால், படம் முடிவதற்குள் அவருக்கு என்ன நேரும் என்பதைப் பார்வையாளர்களில் பெரும்பாலோர் இடைவேளைக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். நல்லவராக இருந்தால் எழுந்து நடப்பார். குழந்தையை நோக்கிப் பாம்பு ஊர்ந்து வரும்போதோ, மகனை அடியாட்கள் சூழ்ந்துகொள்ளும்போதோ, கோயில் மணி தானாக ஒலிக்கும்போதோ, முதலில் அவருடைய பெருவிரல் அசையும், பிறகு கால் அசையும், பிறகு நாற்காலி பின்னால் உருண்டுபோய் விழும். கெட்டவராக இருந்தால், செய்த பாவத்துக்குத் தண்டனையாக அந்த நாற்காலி கடைசிக் காட்சியில் வந்து சேரும். இரண்டும் இல்லையென்றால், வாழ்க்கையைப் பற்றிச் சுற்றியிருப்பவர்களுக்குப் பாடம் சொல்லிவிட்டு இறந்துபோவார். நாற்காலியில் இருந்தபடியே கடன் வாங்கி, கல்யாண வீட்டில் சம்பந்தியோடு சண்டை போட்டு, மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்குப் போகிற ஓர் ஆளைத் திரையில் காண்பது அரிது.

நான் அப்படிப்பட்ட ஆள். செட்டிநாட்டில், கானாடுகாத்தானுக்கு அருகில் ஒரு பெரிய வீட்டின் கணக்கு வழக்குகளை அங்கேயே குடியிருந்து பார்த்துவருகிறேன். எனக்கு முன் என் அப்பா பார்த்தார். வீட்டுக்கு உரிய ஆச்சியும் அவர்கள் பிள்ளைகளும் சென்னையில் இருக்கிறார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஊருக்கு வருவார்கள். இத்தனை பெரிய வீட்டைப் பூட்டி வைத்தால் கறையான் தின்றுவிடும் என்பதால் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுகிறோம். எங்கள் வட்டாரத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு பழையது, ஏவி.எம். நிறுவனம் கோடம்பாக்கத்துக்குப் போவதற்கு முன் காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில்தான் படம் எடுத்தது, 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானதுதான். இப்போது எங்கள் வீடுகள் திரையில் பண்ணையார் வீடாகவும் கூட்டுக் குடும்பமாகவும் வந்துபோகின்றன. அந்தக் கூட்டுக் குடும்பத்துக்குக் கண்ணீர் தேவைப்படும்போது, நாற்காலியில் ஒரு தங்கையோ ஒரு பாட்டியோ நடு முற்றமான வளவின் ஓரத்தில் கொண்டுவந்து வைக்கப்படுகிறார். படம் எடுப்பவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதை நான் அடுத்த அறையிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு குடும்பம் உண்மையான காயம் ஒன்றை எப்படி எதிர்கொள்ளும் என்பதை அதற்கும் முன்பே என் வீட்டில் பார்த்துவிட்டேன்.

இருபதுகளின் நடுவில் திருப்பத்தூர்ச் சாலையில் நான் வந்த வேன் கவிழ்ந்தது. மார்பு முள்ளெலும்புகளில் பத்தாவது நொறுங்கித் தண்டுவடத்தை நசுக்கியது. தொப்புளுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. தண்டுவடக் காயங்களை ஏ முதல் இ வரை தரம் பிரிக்கும் ஓர் அளவுகோலை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் வரை உணர்வோ அசைவோ சிறிதும் எஞ்சவில்லை என்றால் அது ஏ, அதாவது முழுமையான காயம். எனக்குக் கிடைத்தது ஏ. மருத்துவர் அதை மறைக்கவில்லை. மீண்டும் நடப்பதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று அப்பாவிடம் நேரடியாகவே சொன்னார். அப்பா தலையாட்டினார். வெளியே வந்ததும் தாய்மாமாவிடம் அவர் சொன்னது இது: “டாக்டருங்க அப்புடித்தான் சொல்லுவாங்க. எத்தனை படத்துல பாத்துருக்கோம்.”

அந்த ஒரு வாக்கியத்தின் விலையை நான் ஏறக்குறைய இரண்டு வருடம் கட்டினேன். எங்கள் பக்கத்து வீடுகளின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தெருவிலிருந்து முகப்புக்கு ஏறவே மூன்றடி உயரம். அதன் பிறகு திண்ணை, பெரிய நிலைக்கதவு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டில், ஒவ்வொரு கட்டுக்கும் இடையில் ஒரு நிலைப்படி உண்டு. குனிந்து, காலைத் தூக்கி வைத்து உள்ளே வருவதுதான் மரியாதை என்று அந்தப் படிகளுக்குக் காரணம் சொல்வார்கள். காலைத் தூக்க முடியாதவள் வீட்டுக்குள் ஒவ்வோர் அறைக்கும் இரண்டு ஆண்களால் தூக்கிச் செல்லப்பட வேண்டியிருந்தது. சாய்தளம் போட ஆச்சியிடம் அனுமதி கேளுங்கள் என்று நான் சொன்ன போதெல்லாம் அப்பா ஒரே பதிலைச் சொன்னார்: “ஆறு மாசத்துல நடக்கப் போற புள்ளைக்கு அடுத்தவுக வீட்டை இடிக்கச் சொல்லிக் கேக்குறதா?” அம்மாவுக்குச் சாய்தளம் என்பது தோல்வியை எழுதிக் கொடுப்பது. நாற்காலிக்கு நல்ல மெத்தை வாங்கினால், கழிப்பறைக் கதவை அகலப்படுத்தினால், நான் இப்படியே இருந்துவிடுவேன் என்று அவர்கள் பயந்தார்கள். கடைசி ரீல் வரப்போகிறது என்று நம்புகிறவர்கள் நடுவில் வீட்டைத் திருத்தி அமைக்க மாட்டார்கள்.

அற்புதக் குணமாதல் காட்சிகளைப் பற்றிய என் புகார் இதுதான். அவை எங்களை அவமானப்படுத்துகின்றன என்பது எனக்கு இரண்டாவது கவலை. மரத்தச்சரைக் கூப்பிட வேண்டிய நாளை அவை தள்ளிப்போடுகின்றன என்பதே முதல் கவலை.

அந்த இரண்டு வருடத்தின் நடுவில் ஒரு காலைப்பொழுதில் எங்கள் வீட்டில் தேங்காய் உடைத்தார்கள். போர்வையை இழுத்தபோது என் வலது கால் தானாக வெட்டி இழுத்து முழங்கால் மடங்கியது. பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, “தாயி கால் அசைஞ்சிருச்சு” என்று சத்தம் போட்டுத் தெருவையே கூட்டிவிட்டார். பக்கத்து வீட்டார் சர்க்கரை கொண்டுவந்தார்கள். அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை ஆட்டு என்று கெஞ்சினார். நான் ஆட்டவில்லை, கால்தான் ஆடியது. காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் சாகவில்லை. மூளையின் கட்டளை மட்டும்தான் அங்கே போய்ச் சேர்வதில்லை. தோலில் படும் தொடுகை அந்தக் கீழ்ப்பகுதிக்குப் போய், அங்கிருந்தே தசைக்குத் திரும்பிவிடுகிறது. அதைக் கட்டுப்படுத்த மேலிருந்து ஆள் இல்லாததால் தசை வேகமாக இழுக்கிறது. தண்டுவடத்தின் கீழ்முனைக்கு மேலே காயம் பட்டவர்களில் பலருக்கும் காயத்துக்குச் சில வாரங்கள் கழித்து இந்த இழுப்பு தொடங்கும். அது குணமாவதற்கான அறிகுறி அன்று.

இதைக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வழக்கமாக இருக்கும் இழுப்பு திடீரென்று அதிகமானால், உடலில் எங்கோ தொந்தரவு இருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். சிறுநீரில் கிருமித்தொற்று, நிரம்பிய சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், தொடங்கிவிட்ட படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம் என்று எதுவாகவும் இருக்கலாம். வலி தெரியாத உடல் அந்த வழியில்தான் முறையிடுகிறது. அன்று தேங்காய் உடைத்த கைகள் என் முதுகைத் திருப்பிப் பார்த்திருந்தால், வாலெலும்புக்கு மேல் சிவந்திருந்த இடத்தைப் புண்ணாவதற்கு முன்பே கண்டுபிடித்திருக்கும். கால் அசைகிறதா என்று பார்க்கும் அக்கறையில் பாதியைத் தோலைப் பார்ப்பதில் செலவிடுங்கள் என்று, புதிதாகக் காயம்பட்டவர்களின் வீட்டாரிடம் இப்போது நான் சொல்லிவருகிறேன். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நாற்காலியில் இருக்கும்போது கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்கு ஒரு முறை உடலை முன்னால் சாய்த்தோ பக்கவாட்டில் சாய்த்தோ பிட்டத்தின் மீதுள்ள அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கைக்கண்ணாடி ஒன்றை வைத்துத் தினமும் தோலைப் பார்க்க வேண்டும்.

“எங்க ஊர்ல ஒருத்தர் கழுத்து வரைக்கும் விளங்காமக் கிடந்து எந்திரிச்சு நடந்தாரே” என்று சொல்லாத உறவினர் இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. கில்லன் பாரே என்ற நோயில், உடலின் எதிர்ப்பாற்றலே கை கால்களுக்குச் செல்லும் வெளி நரம்புகளைத் தாக்கிச் சில நாள்களில் ஆளை முடக்கிவிடும். ஆனால் அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து மீண்டும் நடந்துவிடுகிறார்கள். வெளி நரம்புகளுக்கு மீண்டும் வளரும் இயல்பு உண்டு, நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உள்ளே இருக்கும் நரம்பிழைகள் அவ்வாறு வளர்வதில்லை. தண்டுவடக் காயத்திலும் முழுமையற்ற காயங்கள் உண்டு. அவற்றில் முதல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் வரலாம், அதற்குப் பயிற்சி மிகவும் தேவை. நரம்பில் காயமே இல்லாமல், மூளை உடலை இயக்கும் முறையில் ஏற்படும் கோளாறால் கால்கள் செயலிழப்பதும் உண்டு. அது நடிப்பன்று, உரிய சிகிச்சையால் சரியாகக்கூடியது. திரைப்படம் இவை அனைத்தையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்து, ஒரே இடிச் சத்தத்தால் எழுப்பிவிடுகிறது. ஆகவே மருத்துவரிடம் “நடப்பாளா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். காயம் தண்டுவடத்திலா வெளி நரம்பிலா, முழுமையானதா அல்லவா, எந்த முள்ளெலும்பு, எந்தத் தரம் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். அடுத்து வருகிற ஒவ்வொரு வைத்தியருக்கும் அந்தக் காகிதத்தைக் காட்டலாம்.

வைத்தியர்கள் வந்தார்கள். எண்ணெய் வந்தது, சூரணம் வந்தது. கடைசியில் தொலைவிலுள்ள ஒரு நகரத்தில் ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்கள் என்ற செய்தியும் வந்தது. அம்மாவின் நகையைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இரத்த நோய்கள் முதலான சிலவற்றுக்கான எலும்பு மச்சை மாற்று வகையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிச் செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அதற்கும் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது: 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரப் பரிகாரங்கள் விளம்பரத் தடைச் சட்டம். பக்கவாதத்தைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. ஓர் எண்ணெய் வியாபாரி நோட்டீசில் அச்சடிக்கக் கூடாத ஒன்றை, திரைக்கதை இரண்டரை மணி நேரம் பின்னணி இசையோடு சொல்லலாம் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது.

இங்கே நம்பிக்கையைப் பழிப்பதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. பெரிய மருதுவின் முதுகில் வந்த பிளவைக் கட்டி குன்றக்குடி முருகன் திருநீற்றால் குணமான கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அப்பத்தா எனக்காக அங்கே நேர்ந்துகொண்டதில் எனக்கு வருத்தமே இல்லை. அப்பத்தா வேண்டிக்கொண்டார், வேண்டிக்கொண்ட கையோடு என் சிறுநீர்க் குழாயைக் கொதிக்கவைத்தும் கொடுத்தார். சாமி வரும் வரை செய்ய வேண்டியதைச் செய்யாதே என்று எந்தக் கோயிலும் சொல்லவில்லை. சினிமாதான் அந்த இடைப்பட்ட காலத்தை ஒரே பாட்டில் ஓட்டிவிடுகிறது.

என் இரண்டு வருடம் ஒரு மறுவாழ்வு மையத்தில் முடிந்தது. அங்கிருந்த இயன்முறை மருத்துவர் அப்பாவிடம் விவாதம் செய்யவில்லை. “நடக்கட்டும், நல்லதுதான். நடக்கறவங்களைச் சாய்தளம் ஒண்ணும் பண்ணிடாது ஐயா” என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. மகள் நடப்பாள் என்பதைக் கைவிடாமலேயே அவரால் இப்போது மரத்தச்சரைக் கூப்பிட முடிந்தது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு முட்டுக்கட்டை இருந்தால், இந்த வழியை நான் பரிந்துரைக்கிறேன்: நம்பிக்கையோடு சண்டை போடாமல், வேலையை அதன் பக்கத்தில் வைத்துச் செய்துகொண்டு போய்விடுங்கள்.

கணக்கு எளிது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது தானே தள்ளிச் செல்பவருக்கான சாய்தள விதி. முகப்பின் மூன்றடிக்கு முப்பத்தாறடி வேண்டும், அது தெருவையே மறித்துவிடும். பின் தெரு வாசலில் உயரம் ஒன்றரை அடிதான்; அங்கே பதினெட்டடியில் சிமென்ட் சாய்தளம் அமைந்தது. உள்ளே நிலைப்படிகள் அரையடி உயரம். தேக்கு நிலையில் உளி படாமல், படியின் இரு பக்கமும் ஆறடி நீளப் பலகைச் சரிவுகளைக் கழற்றி மாட்டும்படி தச்சர் செய்து கொடுத்தார். பழைய வீட்டைச் சிதைக்க மனமில்லாதவர்களுக்கு இது பொருத்தமான முறை. அடியில் ரப்பர் ஒட்டாவிட்டால் ஆத்தங்குடிக் கல்லில் பலகை வழுக்கும், அதை மறக்க வேண்டாம். ஊருக்கு வந்த ஆச்சி பார்த்துவிட்டு, “இத ஏன்டி இத்தனை நாளாக் கேக்கல?” என்று என்னைத்தான் கடிந்துகொண்டார்கள். முழங்கால் வலிக்கார ஆச்சி இப்போது முகப்பு வழியாக வருவதே இல்லை.

சில வருடங்களுக்குப் பின் அந்த வளவில் ஒரு படத்தின் உச்சக்காட்சியை எடுத்தார்கள். கதாநாயகனின் தங்கை சிறு வயதில் மாடியிலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தவள். அண்ணன் குத்துப்பட்டு விழுவதைக் கண்டு எழுந்து ஓடி வருகிறாள். கலைப் பிரிவினர் கொண்டுவந்த நாற்காலி, மருத்துவமனை வாசலில் நோயாளியைத் தள்ளிப்போக வைத்திருக்கும் மடிக்கும் வகை. நடிகைக்கு அது இரண்டு மடங்கு அகலம்; தொங்குகிற ரெக்ஸின் இருக்கை, மெத்தை இல்லை, கால் தாங்கிகள் மிக நீளம். பதினைந்து வருடமாக அதில் வாழ்கிறவள் என்பது கதை. அந்த இருக்கையில் பதினைந்து வருடம் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு இடுப்பெலும்பு தெரியப் புண் வந்திருக்கும், முதுகு வளைந்திருக்கும். அவள் கால்கள் ஓட்டப்பந்தய வீராங்கனையின் கால்கள். அவள் சக்கரத்தைத் தொடுவதேயில்லை. எப்போதும் யாராவது பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், நிறுத்தும்போது யாரும் பிரேக் போடுவதில்லை.

உதவி இயக்குநர் ஒருவர், இளைஞர், என்னைப் பார்த்ததும் தயங்கியபடி வந்து, “அக்கா, தப்பா எதுவும் இருந்தா சொல்லுங்க” என்றார். அவர் கேட்டதை நான் இன்றும் மதிக்கிறேன். நான் சொன்னவற்றில் கால் தாங்கியை உயர்த்தினார்கள், பிரேக் போடச் செய்தார்கள், இரண்டு காட்சிகளில் அவளே சக்கரத்தைத் தள்ளினாள். உச்சக்காட்சியைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, “அதுக்குத்தானக்கா படமே” என்றார். அதிலும் உண்மை இருக்கிறது. முதுகெலும்பு உடைந்தவள் எழுந்தால்தான் அண்ணன் பாசத்துக்கு அளவு கிடைக்கும் என்று எழுதியாகிவிட்ட கதையில், யாரும் பிரேக்கைச் சரிசெய்து அதை மாற்றிவிட முடியாது. கதை எழுதும் நாளிலேயே எங்களில் ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும்.

காட்சி எடுத்து முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஊர்ப் பெண்களில் இருவர் திரும்பி என் கால்களைப் பார்த்தார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவளால் முடிந்தது உனக்கு ஏன் முடியவில்லை என்ற கேள்வி மட்டும் இருந்தது. எழுந்தவளுக்கு அன்பு அதிகம், மனஉறுதி அதிகம் என்றால், எழாதவளுக்கு அது குறைவு என்றுதானே பொருளாகும்.

இந்தக் கதை தமிழ்நாட்டில் பிறந்ததன்று. ஸ்விட்சர்லாந்து எழுத்தாளர் யோஹன்னா ஸ்பைரி எழுதிய ‘ஹைடி’ கதையின் இரண்டாம் பாகம் 1881இல் வந்தது. அதில் நகரத்துச் சிறுமி கிளாரா ஆல்ப்ஸ் மலைக் காற்றையும் ஆட்டுப்பாலையும் உண்டு எழுந்து நடக்கிறாள். அதற்கு முன் பொறாமை கொண்ட ஓர் ஆட்டிடையன் அவளுடைய நாற்காலியை மலையிலிருந்து உருட்டி உடைத்துவிடுகிறான். நாற்காலி உடைந்தால்தான் கால் வரும் என்ற அந்த ஏற்பாடு நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் மாறவில்லை; 2009இன் ‘அவதார்’ படத்திலும் முன்னாள் படைவீரன் முடிவில் தன் உடலையே விட்டுவிட்டு ஓடக்கூடிய வேறோர் உடலுக்குக் குடிபோகிறான். மாறாக, 2016இல் வந்த ‘தோழா’வில் நாகார்ஜுனா ஏற்ற பாத்திரம் கடைசி வரை எழுவதில்லை, ஆனாலும் காதலும் கேலியும் கோபமும் அவருக்கு உண்டு. எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதும் சிரித்தும் பார்த்த படம் அது. அவர் பெரும் பணக்காரர் என்பதால் நிலைப்படித் தொல்லை அவருக்கு இல்லை என்று அப்பா மட்டும் முணுமுணுத்தார். அவருடைய விமரிசனத்தோடு நான் உடன்படுகிறேன்.

சினிமா உண்டாக்கிய இன்னொரு சங்கடத்தை என் தோழி ஒருத்தி சுமக்கிறாள். தசைச் சிதைவு நோய் உள்ள அவளால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சில அடிகள் நடக்க முடியும். அதற்கு மேல் நாற்காலி வேண்டும். நாற்காலியில் இருப்பவர் எழுந்தால் ஒன்று அற்புதம், இல்லையென்றால் ஊரை ஏமாற்றிய வேடம் என்றே படங்கள் பழக்கியிருக்கின்றன. இரவில் ரகசியமாக எழுந்து நடமாடும் வில்லனை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம். தேவகோட்டைப் பேருந்து நிலையத்தில் அவள் எழுந்து படியேறியபோது, சலுகைப் பயணச்சீட்டுக்காக நடிக்கிறாள் என்று ஒருவர் சத்தம் போட்டார். சக்கர நாற்காலி பயன்படுத்துவோரில் பலர் நிற்கவும் சில அடிகள் வைக்கவும் முடிந்தவர்கள்தான். வலியையும் களைப்பையும் கணக்கிட்டு நாளைக்குரிய அடிகளைச் செலவிடுகிறார்கள். யாராவது எழுந்தால் கைதட்டவும் வேண்டாம், கேள்வி கேட்கவும் வேண்டாம்.

எழுந்து நடக்காமல் என்ன கதை சொல்ல முடியும் என்று கேட்பவர்களுக்கு, வேலூரின் டாக்டர் மேரி வர்கீஸை நினைவூட்டுவேன். 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர். அதன் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், 1966இல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்கு வழிகாட்டினார். தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். இவர்களைப் போன்ற பெரியவர்கள்தான் வேண்டும் என்பதும் இல்லை. 2009இல் முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் மு. கருணாநிதி சக்கர நாற்காலியிலிருந்தே 2011 வரை முதலமைச்சராக இருந்தார், அதன் பிறகும் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். தமிழ்நாடே தினமும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. அவரைப் பிடிக்காதவர்கள் அவரோடு சண்டை போட்டார்கள், பிடித்தவர்கள் வாக்களித்தார்கள். அவர் எழுந்து நின்றால்தான் கதை முடியும் என்று எவரும் காத்திருக்கவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு இயல்பாக நடந்தது திரைக்கு மட்டும் ஏன் கடினமாக இருக்கிறது என்பது எனக்குப் புரியவில்லை.

சட்டமும் இப்போது ஓரளவு பேசத் தொடங்கியிருக்கிறது. உடல், மனக் குறைபாடு உள்ளவர்களைத் தேவையின்றி இழிவுபடுத்தும் காட்சிகள் கூடாது என்று 1991ஆம் ஆண்டுத் தணிக்கை வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர் நிபுண் மல்ஹோத்ரா ஓர் இந்திப் படத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம், குறைபாட்டைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவைக்கும் மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் நகைச்சுவைக்கும் வேறுபாடு உண்டு என்று கூறி, படைப்பாளர்கள் எங்கள் தரப்பைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும் வழிகாட்டியது. குணமாகும் காட்சியை இதில் எதுவும் தடுக்காது, தடுக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. தணிக்கையைவிட நல்ல திரைக்கதை விரைவில் வேலை செய்யும்.

படப்பிடிப்பு வாடகை ஒப்பந்தத்தில், ஆச்சியின் சம்மதத்தோடு, நான் சில வரிகள் சேர்த்திருக்கிறேன். பின்வாசல் சாய்தளத்தின் மேல் மின்கேபிளோ விளக்குத் தாங்கியோ வைக்கக் கூடாது; உள்ளே மாட்டியிருக்கும் பலகைச் சரிவுகளைக் கேமராவில் தெரிகிறது என்று கழற்றினால், காட்சி முடிந்த உடனே திரும்ப மாட்ட வேண்டும்; கதையில் சக்கர நாற்காலி இருந்தால், நடிப்பவரின் இடுப்பு அகலத்துக்கு ஏற்ற நாற்காலியும் மெத்தையும் கொண்டுவர வேண்டும், அளவெடுக்க நான் உதவுவேன், அதற்குக் கட்டணம் உண்டு. கட்டணம் என்று எழுதிய பிறகுதான் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு குழுவினர் அண்மையில் பலகைச் சரிவு கேமராவில் தெரியும்படியே ஒரு நாள் முழுவதும் படமெடுத்தார்கள். பாட்டியின் நாற்காலி அதன் மேல் ஏறி அடுப்படிக்குப் போவதைக் காட்டினார்கள். அந்தப் பாட்டி மருமகளிடம் குழம்பில் உப்பு இல்லை என்று சண்டை போட்டார்.

அந்தப் படம் வெளிவந்தபோது காரைக்குடிக்குப் போய்ப் பார்த்தோம். திரையரங்குக்குப் போக நினைக்கும் சக்கர நாற்காலிக்காரர்கள், சீட்டு வாங்கும் முன் தொலைபேசியில் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: நுழைவிலிருந்து இருக்கை வரை எத்தனை படி, கடைசி வரிசைக்குப் படியில்லாத வழி உண்டா, கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம். “ஆளுங்க இருக்காங்க, தூக்கிருவாங்க” என்பது பதிலாகாது. இருக்கைக்கு மாறி உட்கார்ந்தால் உங்கள் மெத்தையைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். திரையரங்கு இருக்கை மென்மையாகத் தெரிந்தாலும் தோலைக் காக்காது. நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர்க் குழாய் வைப்பவர்கள் வீட்டிலேயே அதை முடித்துவிட்டுக் கிளம்பினால், இடைவேளையில் கழிப்பறை வாசலில் நிற்க வேண்டியிருக்காது. படம் விறுவிறுப்பாகப் போனாலும் அரை மணிக்கு ஒரு முறை முன்னால் சாய்ந்து நிமிர மறந்துவிடாதீர்கள்.